40 ஆண்டு கண்ணாமூச்சி ஆடிய பாட்டு! பழைய பேப்பரில் சிக்கியது துப்பு

பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் ஒரு குட்டி வீடியோ ஓடுகிறது. யாரோ தோசை சுடுகிறார்கள். பின்னணியில் ஒரு பாட்டு. பதினைந்தே விநாடிதான். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. என்ன பாட்டு என்று பிடிபடவில்லை. "என்ன பாட்டு சார் இது?" என்று கேட்டால், "தெரியலீங்களே" என்கிறார் அவர். ஆபீஸ் போய் உட்கார்ந்த பிறகும் வாய் அதையே முணுமுணுக்கிறது.

இது ஒரு நாள் அவஸ்தை. ஜெர்மனியில் ஒருவர் 40 ஆண்டு இப்படி அவஸ்தைப்பட்டிருக்கிறார்! அவருடைய பாட்டைத் தேடி உலகமே அலைந்தது. 2024 நவம்பரில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

'ஸ்டாப்' பட்டன் செய்த வேலை

1984 வாக்கில் நடந்த சங்கதி இது. வட ஜெர்மனியைச் சேர்ந்த அந்த வாலிபருக்கு ரேடியோ என்றால் உயிர். என்.டி.ஆர். வானொலியில் நல்ல பாட்டு வந்தால் போதும், டேப் ரிக்கார்டரைத் தட்டிவிடுவார். ஆனால் அறிவிப்பாளர் பேச்சு கேசட்டில் விழக்கூடாது அவருக்கு. பேச ஆரம்பித்தால் 'டக்' என்று நிறுத்திவிடுவார்.

பாட்டு சுத்தமாகப் பதிவாகியது. பாடியது யார் என்ற விவரம் காற்றோடு போச்சு!

ஒவ்வொரு கேசட்டுக்கும் பாட்டுப் பட்டியல் எழுதி வைப்பது அவர் வழக்கம். இந்தப் பாட்டுக்கு நேராகக் கேள்விக்குறி.

ஆண்டுகள் ஓடின. 2007-ல் அவருடைய சகோதரி அந்தப் பாட்டின் ஒரு பகுதியை இன்டர்நெட்டில் போட்டு, "தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. 2019-ல் பிரேசில் நாட்டுப் பையன் ஒருவன் அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் கிளப்பினான். பிறகு கேட்க வேண்டுமா? நாடு விட்டு நாடு ஆயிரக்கணக்கானோர் துப்பறியக் கிளம்பிவிட்டார்கள்.

போன் ஏன் கைவிரித்தது?

"அதற்குத்தான் செல்போனிலேயே வசதி இருக்கிறதே" என்று நினைக்கலாம். உண்மைதான். 'ஷசாம்' என்ற நிறுவனம் 2002-லேயே இங்கிலாந்தில் இதை ஆரம்பித்துவிட்டது. அப்போது 2580 என்ற எண்ணுக்கு டயல் செய்து, பாட்டு வரும் பக்கம் போனைக் காட்டினால், பாட்டின் பெயர் எஸ்.எம்.எஸ்.சில் வரும்.

இதன் ரகசியம் போலீஸ் கைரேகை மாதிரிதான். பாட்டில் எந்த நேரத்தில் எந்த ஒலி ஓங்கி நிற்கிறது என்று புள்ளி வைத்துக்கொள்கிறது மிஷின். அந்தப் புள்ளிகளின் அமைப்பை, ஏற்கனவே சேர்த்து வைத்திருக்கும் பாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் ஆள் அகப்பட்டார். ஆனால் முதல் தடவை மாட்டும் திருடனின் கைரேகை ஸ்டேஷனில் எப்படி இருக்கும்? ஜெர்மன் பாட்டின் கதையும் அதேதான். அது அந்தக் காலத்தில் இசைத்தட்டாகக் கடைக்கு வரவே இல்லை. ஆகவே மிஷின் கைவிரித்துவிட்டது.

மிச்சம் மனித மூளைதான். பாட்டில் வரும் கீபோர்டு 1983-ல் வெளிவந்த 'யமஹா டி.எக்ஸ்.7' என்று காதாலேயே கண்டுபிடித்தார்கள் சிலர். அதனால், அதற்கு முந்திய பாட்டாக இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. என்.டி.ஆரில் அந்தக் காலத்தில் பாட்டுப் போட்ட பால் பாஸ்கர்வில்லிடம் கேட்டார்கள். அவருக்கும் நினைவில்லை. போடும் பாட்டெல்லாம் ஞாபகம் இருக்குமா, பாவம்! இதற்கு நடுவே "அது என் பாட்டு" என்று சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. எதுவும் நிற்கவில்லை.

17 விநாடி வம்பு

இதே 2024-ல், ஏப்ரலில் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. 2021-ல் யாரோ இன்டர்நெட்டில் போட்ட வெறும் 17 விநாடித் துண்டு அது. இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் அது அகப்பட்ட இடம்தான் தமாஷ். 1986-ல் வந்த ஒரு நீலப்படம்! இசை, பூத் சகோதரர்கள். கண்டுபிடித்தவர் அதை வீட்டில் எப்படிச் சொன்னாரோ!

காட்டிக் கொடுத்தது பேப்பர்

ஜெர்மன் பாட்டுக்கு விடை கிடைத்தது பழைய செய்தித்தாளில். 1980-களில் என்.டி.ஆர். சம்பந்தப்பட்ட இசை விழாவில் பங்கெடுத்த சின்னச் சின்னக் குழுக்களை ஒருவர் துருவிக்கொண்டிருந்தார். 'நார்ட்வெஸ்ட் சைட்டுங்' என்ற பத்திரிகையின் பழைய இதழ் கண்ணில் பட்டது. அதில் 'ஃபெக்ஸ்' என்ற குழுவைப் பற்றிய செய்தி. கீல் நகரத்துப் பையன்கள். சுத்தமாக மறக்கப்பட்டவர்கள்.

குழுவில் இருந்த மைக்கேல் ஹேட்ரிஷ் என்பவரைத் தேடிப்பிடித்தார். அவரிடம் அந்தக் காலத்து ஒலிப்பதிவுகள் பத்திரமாக இருந்தன. வாங்கிக் கேட்டால்... அதே பாட்டு! பெயர் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்'. பாடியவர் டூரே ரூக்வார்ட். கேசட்டுக்காரர் போட்ட கேள்விக்குறிக்கு 40 ஆண்டு கழித்துக் கிடைத்த பதில்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், உலகம் தங்களைத் தேடுகிறது என்ற விஷயமே ஹேட்ரிஷுக்குத் தெரியாது. குழு எப்போதோ கலைந்து, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இளமையில் பாடிய பாட்டு, இந்த வயதில் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

அந்த வாரமே என்.டி.ஆரும் இதைச் செய்தியாக வெளியிட்டது. இந்தத் தடவை பாடியவர்கள் பெயரோடு.