ஏழு சுருங்கும் இடம்

தமிழில் ஏழு எழுபதாகும்போது நெடில் குறிலாகச் சுருங்குகிறது. ஸ்பானிய மொழியிலும் இதே எண்ணுக்கு இதே போன்ற சுருக்கம் நேர்கிறது. ஏழு 'சியேத்தே', எழுபதோ 'செத்தேந்தா'. அந்த 'இ'யொலி எங்கே போயிற்று?

போகவில்லை, அது பிறகு வந்து சேர்ந்தது. லத்தீனில் ஏழு 'செப்தெம்'. ரோமானியர் கொண்டுவந்த பேச்சு லத்தீன் ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியில் மாறியபோது, அழுத்தி உச்சரித்த எகரக் குறில் 'இயெ' என்றும், ஒகரக் குறில் 'உவெ' என்றும் விரிந்தன. செத்தேந்தாவில் அழுத்தம் நடு அசைக்கு நகர்ந்துவிட்டதால், முதல் அசை பழைய எகரத்தோடு நின்றுவிட்டது. ஒன்பதும் அப்படியே: 'நோவெம்' என்பது 'நுவேவே' ஆனது, தொண்ணூறு 'நொவேந்தா'தான். மொழி பயில்வோர் விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்யும் இந்த இணைகள், உண்மையில் விதியின் அழகான சாட்சிகள்.

எட்டு மட்டும் தப்பித்தது. 'ஒக்தோ'வின் நடுமெய்கள் இளகிச் சகரமானபோது ஒகரம் விரிவது தடைப்பட்டு 'ஓச்சோ' பிறந்தது. இரவைக் குறிக்கும் 'நோச்சே'யின் கதையும் இதுவே.

பதினொன்று முதல் பதினைந்து வரை 'ஒன்சே', 'கின்சே' என லத்தீன் சொற்கள் தேய்ந்து நிற்கின்றன. பதினாறில் அந்தச் சங்கிலி அறுகிறது. பத்தும் ஆறும் என்று புதிதாகக் கட்டிய சொல் 'தியெசிசேய்ஸ்'. பதினெட்டை 'இருபதில் இரண்டு குறைவு' என்ற லத்தீன் வழக்கம் மறைந்தே போனது.

உச்சரிப்பில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. 'சிங்கோ' (ஐந்து) என்பதன் முதல் ஒலிக்கு ஸ்பெயினின் வடக்கிலும் நடுவிலும் நாக்கு நுனி பல்லிடையே வரும். லத்தீன் அமெரிக்காவில் அது சாதாரண ஸகரம். இரண்டும் சரியே. கவனம் தேவைப்படுவது 'செசேந்தா'வுக்கும் (60) 'செத்தேந்தா'வுக்கும் (70) இடையில்தான். ஒரே ஒரு மெய்யொலிதான் வித்தியாசம். விலை கேட்கும்போது எழுதிக் காட்டச் சொல்வது நல்லது.

சுழியம் மட்டும் லத்தீன் குடும்பமல்ல. ஸ்பெயினின் வடக்கே அல்பெல்தா மடாலயத்தில் 976இல் முடித்த ஏட்டில் இந்திய எண்வடிவங்கள் ஒன்பது உள்ளன, சுழியம் இல்லை. 'சூன்யம்' என்ற கருத்தை அரபியர் 'சிஃப்ர்' என்றனர். அது இத்தாலி வழியாக வந்து 'சேரோ' ஆனது. இலக்கத்தைக் குறிக்கும் 'சிஃப்ரா'வும் அதன் பிள்ளையே. அதே 'சிஃப்ர்' ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்தபோது, 'சைபர்' என்றோம்.