அடுத்த பாவு வருமா?

ஆரணி நெசவாளர் வீடுகளில் கேட்கும் கேள்வி

ஆலையில் ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ் வரும். நஷ்ட ஈடும் உண்டு. ஆரணியில் வீட்டுத் தறியில் பட்டு நெய்பவருக்கு இரண்டும் இல்லை. அடுத்த பாவு வராது. அவ்வளவுதான்!

பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏறும் நூல். அதையும் ஊடையையும் ஜரிகையையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. ஒரு பாவில் சில சேலைகள். பாவு முடிய முடிய வீட்டில் கவலை ஏறும்.

வதந்தி

"பட்டு விலை ஏறிவிட்டதாம்."

"கடையில் சரக்குத் தேங்கிவிட்டதாம்."

"முதலாளி தறியைக் குறைக்கப் போகிறாராம்."

இப்படித் தெருவெங்கும் பேச்சு. பயத்துக்குக் காரணம் உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் சுருங்கின. சேலை விற்பனை படுத்தது. தறிகள் நின்றன.

விசைத்தறி இன்னொரு கவலை. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் 22 இனங்களைக் கைத்தறிக்கே ஒதுக்க வழி செய்தது. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. சேலை அதில் உண்டு. ஆனாலும் போட்டி ஓயவில்லை.

என்ன செய்யலாம்?

வதந்தியை நம்பி வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். பாவு தீருமுன்பே முதலாளியிடம் நேரில் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரியுங்கள்.

சேலை வாங்கும் தாய்மார்களே! 2006-ல் வந்த கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வீட்டுத் தறியில் அடுத்த பாவு ஏறும்.