'வேணும்'ல இருந்து 'விசுவாசம்' வரைக்கும்

சண்டே ஸ்கூல், ஞானஸ்நானம், யூத் கேம்ப் எல்லாம் நம்மள்ல நிறைய பேருக்கு முடிஞ்சாச்சு. ஆனா ஒவ்வொரு கேம்ப்லயும் கடைசி நாள் ராத்திரி, திரும்ப அதே முதல் படியில போய் நிக்கிறோம். 'ஹலோ வேர்ல்ட்' புரோகிராமையே பத்து வருஷமா எழுதிட்டிருக்கிற மாதிரி. அப்போ அடுத்த படிதான் என்ன?

எபிரெயர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தோட கடைசியிலயும் 6-ஆம் அதிகாரத்தோட தொடக்கத்துலயும் இதே கேள்வி வருது. மனந்திரும்புதல், தேவன்மேல் விசுவாசம், ஞானஸ்நானம், கைகளை வைத்தல், உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு. இந்த ஆறும் அஸ்திவாரம்னு சொல்றார் அதை எழுதினவர். அதைத் தூக்கிப் போடச் சொல்லல. திரும்பத் திரும்ப அஸ்திவாரமே போட்டுட்டிருந்தா வீடு எப்ப கட்டுறதுங்கிறதுதான் அவரோட கவலை. பால் குழந்தைக்கு, கெட்டியான சாப்பாடு, நல்லது கெட்டதைப் பிரிச்சுப் பார்க்கப் பழகினவங்களுக்கு. கவனிங்க, அதிகமா தெரிஞ்சவங்களுக்குன்னு சொல்லல. பழகினவங்களுக்கு.

இது நம்ம கடற்கரையிலயே நடந்திருக்கு. 1536, 37-ல முத்துக்குளித்துறை பரதவர்கள் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. முத்துக்குளிப்பு உரிமைல பெரிய மோதல். போர்ச்சுகீசியர் பாதுகாப்பு தேவைப்பட்டுது. 1542-ல பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தப்போ, தாங்க கிறிஸ்தவங்கங்கிறதைத் தவிர பெருசா எதுவும் அவங்களுக்குத் தெரியல. சொல்லிக் கொடுக்க ஆளே இல்ல.

அவர் ஜெபங்களைத் தமிழ்ல மாத்தி வாங்கி, மணி அடிச்சுத் தெருத் தெருவா கூப்பிட்டு மனப்பாடம் பண்ண வெச்சார். இதுல ஒரு சுவாரசியம். 1544-ல தன்னோட கூட்டாளி மன்சில்லாஸுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்புறார். விசுவாசப் பிரமாணத்துல 'விசுவசிக்கிறேன்'னு வரவேண்டிய இடத்துல 'எனக்கு வேணும்'னு மொழிபெயர்த்திருக்காங்க. அதை மாத்தச் சொல்றார். அதுவரைக்கும் இந்தப் பக்கம் சனங்க தப்பான வார்த்தையைத்தான் மனப்பாடமா சொல்லிட்டிருந்திருக்காங்க!

அது மொழிபெயர்ப்புப் பிழைதான். ஆனா நம்ம நிலைமையையும் அது சரியா சொல்லுது. வேலை வேணும், விசா வேணும், வீட்ல சம்மதம் வேணும். ஆரம்பம் அப்படித்தான் இருக்கும், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. கேட்டது கிடைக்கலன்னா என்ன ஆகுதுங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

மண்டபத்துக்குப் பக்கத்துல வேதாளைன்னு ஒரு கடலோர ஊர். ராமேஸ்வரம் போற பயணிகள்கிட்ட போர்ச்சுகீசியர் அங்க வரி வசூல் பண்ணாங்க. 1549-ல விஜயநகரப் படை வந்து தாக்குச்சு. இத்தாலியில இருந்து வந்த அந்தோனியோ கிரிமினாலி அப்போ அங்க இருந்தார். வயசு 29, கிட்டத்தட்ட நம்ம செட்டு. பெண்களையும் குழந்தைகளையும் படகுல ஏத்தி அனுப்பினார், தான் ஏறல. அங்கேயே கொல்லப்பட்டார். இயேசு சபையோட முதல் வேதசாட்சி அவர்தான். ஏறணுமா, நிக்கணுமாங்கிறதுக்கு எந்த ஞான உபதேசப் புத்தகத்துலயும் கேள்வி-பதில் கிடையாது. பழக்கம்தான் அந்த நேரத்துல பதில் சொல்லும்.

அவருக்கு அப்புறம் பொறுப்புக்கு வந்தவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். 1547-லயே இந்தக் கடற்கரைக்கு வந்தவர், 1600-ல சாகிற வரைக்கும் இங்கதான் வேலை. தமிழை முறையா கத்துக்கிட்டார், தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். அவர் அச்சிட்ட புத்தகங்களோட வரிசையைப் பாருங்க. 1578-ல கொல்லத்துல வெறும் 16 பக்கத்துல 'தம்பிரான் வணக்கம்'. 1579-ல இன்னும் விரிவான கேள்வி-பதில் உபதேசம். 1580-ல பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராக ஒரு கையேடு, அதாவது தன்னையே கேள்வி கேட்டுக்கிறது. 1586-ல 'அடியார் வரலாறு', 600 பக்கத்துக்கு மேல. முதல்ல ஜெபம், அப்புறம் புரிதல், அப்புறம் மனசாட்சி, கடைசியா வாழ்ந்து காட்டினவங்களோட கதை. வளர்ச்சிக்கு இதைவிடத் தெளிவான பாடத்திட்டம் எனக்குத் தெரியல.

சரி, வேர் பிடிச்சுதா? 1658-ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க. கத்தோலிக்கக் குருமார் வெளியேத்தப்பட்டாங்க. டச்சுக்காரங்க சீர்திருத்த சபைக்கு வரச் சொன்னாங்க. யோசிங்க, 1536-ல பாதுகாப்பு போர்ச்சுகீசியர்கிட்ட இருந்தது. இப்போ அதிகாரம் டச்சுக்காரங்க கையில. 'எனக்கு வேணும்' மட்டும்தான் விசுவாசம்னா, அன்னைக்கே மாறியிருக்கணும். பரதவர்கள்ல பெரும்பாலானவங்க மாறல. 120 வருஷத்துல 'வேணும்'ங்கிறது 'விசுவசிக்கிறேன்'னு ஆகியிருந்தது.

அப்போ நமக்கு? நான் மூணு விஷயம் சொல்வேன். ஒண்ணு, மனப்பாடமா தெரிஞ்ச ஒரு ஜெபத்தை எடுத்து, அர்த்தத்தை நம்ம பேச்சுத் தமிழ்ல எழுதிப் பாருங்க. எங்க பேனா நிக்குதோ அங்கதான் படிக்க வேண்டியது இருக்கு. ரெண்டு, ராத்திரி பத்து நிமிஷம்: இன்னைக்கு ஆபீஸ்ல எங்க உண்மையை வளைச்சேன், யாரைத் தவிர்த்தேன்? மூணு, உங்களைவிடச் சின்னவங்க ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுங்க. இந்நேரம் நீங்க போதகர்களா இருந்திருக்கணும்ங்கிறதுதான் எபிரெயர் நிருபத்தோட ஆதங்கமே.

அடுத்த கேம்ப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னைக்கு ராத்திரி அந்தப் பத்து நிமிஷத்துல இருந்து ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.