கோடு என்னும் சொல்

செஞ்சியில் ஏறத்தாழ 800 அடி உயர்ந்து நிற்கும் இராசகிரியின் உச்சியைப் பழந்தமிழில் 'கோடு' எனலாம். அதன் மேலுள்ள அரணும் கோடு; அடிவாரத்துச் செட்டிகுளத்தின் கரையும் கோடு; கரைமரத்தின் கிளையும் கோடே. மாட்டின் கொம்பு, யானையின் தந்தம், சங்கு ஆகியவையும் இப்பெயர் பெறும். 'கோடுதல்' என்றால் வளைதல். வளைந்த பொருள்கள் பலவற்றுக்கு அவ்வேர்ச்சொல்லே பெயராயிற்று. நடுநிலையிலிருந்து வளையாத உள்ளத்தின் இயல்பைத் திருவள்ளுவர் 'கோடாமை' என்றார். இன்றோ, அளவுகோல் வைத்து இழுக்கும் நேரான வரியே கோடு! வளைவின் பெயர் நேர்மைக்கு வந்தது விந்தைதான். சங்கப் பாடலில் 'கோட்டு யானை' என வருமிடத்தில் இன்றைய பொருளைக் கொண்டால் யானை தந்தத்தை இழக்கும். திருச்செங்கோடு தன் மலையை இழக்கும்.