வலிக்குத் தந்த எண்ணெய், நெஞ்சில் ஏறிய படபடப்பு

"மருந்துதானே சிஸ்டர், மருந்து எப்படிப் பயத்தைக் கொடுக்கும்?" என்று கேட்கிறார்கள். ‘விஜயா’ எண்ணெய் வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. கஞ்சாச் செடியின் இலையிலிருந்து எடுத்த சத்தை எண்ணெயில் கலந்து, ஆயுர்வேத மருத்துவரின் சீட்டின் பேரில் விற்கிறார்கள். புற்றுநோய் வலி, நரம்பு வலி, தூக்கமின்மை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். நான் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண் கட்டுவதும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிக்கொடுப்பதும் இன்னும் விடவில்லை. இந்த எண்ணெய் சிலருக்கு நல்லது செய்வதைப் பார்த்திருக்கிறேன். இதே எண்ணெய் நல்ல திடமான மனிதர்களை நடுராத்திரியில் உட்காரவைத்து அழவைப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படி அழுதவர்களில் ஒருவர் என் அண்ணன்.

அண்ணன் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பாலைவனம், பனி இரண்டிலும் காவல் நின்றவர். எழுபதைத் தாண்டிய பிறகும் சாயங்காலமானால் பெத்தாங்க் என்ற குண்டெறியும் ஆட்டத்துக்குக் குண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். போன வருடம் விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. சட்டை உரசினாலே துடிப்பார். அக்கிக் கிருமி நரம்பைப் புண்ணாக்கிவிட்டுப் போவதால் வரும் வலி இது. வயதானவர்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். கபாபென்டின் மாத்திரை கொடுத்தார்கள். தலை சுற்றுகிறது என்று தானாகவே நிறுத்திக்கொண்டார். பிறகு யாரோ சொல்லி இந்த எண்ணெய். மூன்று நாளுக்கு ஒருமுறை சில சொட்டுகள் கூட்டிக்கொண்டே போகலாம், வலி அடங்கும்வரை, என்று சீட்டில் எழுதியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டன் குழம்பு. சாப்பிட்ட கையோடு, கூட்டிய அளவில் எண்ணெயை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். விளக்கு வைக்கும் நேரத்தில் எனக்கு போன் வந்தது. "பாப்பா, நெஞ்சு நின்னுடப் போவுது. நான் போறேன். பிள்ளைக்கு பாரிசுக்கு போன் போட்டுச் சொல்லிடு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல். வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, கண் சிவந்திருந்தது, கை நடுங்கியது. சுவர் நகர்கிறது என்றார், சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் நகர்கிறது என்றார். எண்ணெய்தான் காரணம் என்று எனக்குப் பட்டது. ஆனால் அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, வயதும் எழுபதுக்கு மேல். அந்த நிலையில் ‘வெறும் படபடப்பு’ என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். ஈ.சி.ஜி.யில் துடிப்பு வேகம் தவிர வேறு கோளாறு இல்லை. என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, பிரஷர் மாத்திரையை மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பட்டாளத்தில் இருந்த மனிதர், கஞ்சா என்ற சொல்லை ஒரு இளம் டாக்டரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நான்தான் சொன்னேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. எப்போது, எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த மூன்று கேள்விக்குள்ளேயே எல்லாப் பதிலும் இருந்தது.

இந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனிப் பொருள்கள் உண்டு. நமக்கு முக்கியமானவை இரண்டு. தலைக்கு ஏறுவது டி.எச்.சி.; அப்படி ஏறாதது சி.பி.டி. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் டி.எச்.சி.யைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் காட்டினார்கள். மூளையில் பயத்தையும் எச்சரிக்கையையும் கையாளும் அமிக்டலா என்ற பகுதியிலும், நினைவைக் கையாளும் பகுதியிலும், டி.எச்.சி. போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. கொஞ்சமாக ஒட்டினால் பலருக்கு மனம் இளகும். அதிகமாக ஒட்டினால் அதே இடம் ஆபத்து ஆபத்து என்று கூவத் தொடங்கிவிடும். 2017இல் சிகாகோவில் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. 7.5 மில்லிகிராம் டி.எச்.சி. எடுத்தவர்களுக்கு, பலர் முன் பேசும் பதற்றம் குறைந்தது. 12.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் கலக்கம் கூடியது. இரண்டுக்கும் இடையே வெறும் ஐந்து மில்லிகிராம்.

அடுத்தது நேரம். புகைத்தால் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். விழுங்கினால் குடல், ஈரல் என்று சுற்றிப் போக அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும், சில சமயம் அதற்கு மேலும். போகிற வழியில் ஈரல் அதை இன்னும் வீரியமுள்ள ஒரு பொருளாக மாற்றி அனுப்பும். வேலை தொடங்கினால் ஆறு, எட்டு மணி நேரம் ஓடும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பு உறிஞ்சும் அளவும் கூடும். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று ஒரு மணி நேரத்தில் இன்னொரு முறை விட்டுக்கொள்கிறவர்கள், பால் பொங்கவில்லையே என்று அடுப்பைக் கூட்டிவைத்துவிட்டு நகர்ந்தவர்கள்தான்.

இந்தத் தாமதம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1830களின் இறுதியில் கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற டாக்டர் வாதவலி நோயாளிகளுக்கு ஒரு கிரெய்ன், அதாவது சுமார் 65 மில்லிகிராம், கஞ்சாப் பிசின் கொடுத்துப் பார்த்தார். பிற்பகலில் விழுங்கிய ஒருவர் முதலில் வாய் ஓயாமல் பேசிப் பாடினார். இரவானதும் கைகால் வைத்த நிலையிலேயே உறைந்து, நினைவில்லாமல் கிடந்தார். விடிவதற்குள் தெளிந்தும் விட்டார். இன்னும் பின்னால் போனால் எங்கள் ஊரே வந்துவிடுகிறது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா இந்தியாவிலிருந்து அனுப்பிய செடிகளைப் பார்த்துத்தான் லமார்க் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்று அதைத் தனி இனமாகப் பிரித்தார். அது தலைக்கு ஏறி மூளையைக் கலக்கும் என்பதையும் அப்போதே குறித்துவைத்தார்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது? முதலில், அதே மருந்தை இன்னொரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். தூக்கம் வரட்டும் என்று தூக்கமாத்திரையோ மதுவோ கொடுக்கவே கூடாது. கூட ஒருவர் உட்கார வேண்டும், அதிகம் பேசாத ஒருவர். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, இது எண்ணெயோட வேலை. இப்போ உச்சத்துல இருக்கு. ராத்திரிக்குள்ள இறங்கிடும். நான் இங்கதான் இருக்கேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். டி.எச்.சி. குறுகிய கால நினைவைக் கலைத்துவிடுவதால் ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னது அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. சலிக்காமல் சொல்ல வேண்டும். மூச்சை மூக்கால் இழுத்து, இழுத்த நேரத்தைவிட நீளமாக வாயால் விடச் சொல்லுங்கள். டிவியை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறையுங்கள். தண்ணீரோ மோரோ சிறுகச் சிறுகக் கொடுங்கள். மோர் போதையை இறக்கிவிடாது, ஆனால் வறண்ட தொண்டைக்கு இதம், கையில் ஒரு டம்ளர் இருப்பதே சிலருக்குப் பிடிமானம். மிளகு மெல்லச் சொல்வார்கள், எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் என்ற மணப்பொருளை டி.எச்.சி.யோடு ஆவியாகச் சுவாசித்தவர்களுக்குப் பதற்றம் குறைந்ததாக 2024இல் ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு வந்திருக்கிறது. சாறு குடிப்பது அதற்குச் சமமாகாது. ஆறுதலுக்குக் கொடுங்கள், அதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், எழுப்ப முடியாத தூக்கம், நிற்காத வாந்தி, செத்துப்போகலாம் என்ற பேச்சு, மறுநாளும் தெளியாத குழப்பம் — இவற்றில் எது இருந்தாலும் 108தான். இதய நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் படபடப்பு மட்டும் இருந்தாலே டாக்டர் பார்க்க வேண்டும்.

அண்ணன் விடிகாலையில் தெளிந்துவிட்டார். இட்லி கேட்டார். எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பயத்துக்கு இரண்டாவது ஆயுள் ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அடுத்த வாரமெல்லாம் விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினால் அவருக்குக் கை வேர்க்கும். எண்ணெயைத் தொடவே இல்லை, ஆனாலும் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெத்தாங்க் விளையாடப் போவது நின்றது. "அங்க போயி அப்படி வந்துச்சின்னா?" என்பார். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தாலே மனம் அந்த ராத்திரிக்கு ஓடிவிடுகிறது, ஓடிய பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. இது பைத்தியம் பிடிப்பதன் ஆரம்பமோ என்று அவர் உள்ளுக்குள் மருகியதை அண்ணிதான் எனக்குச் சொன்னார்.

மனநல ஓ.பி.க்கு வரமாட்டேன் என்றார். தெரு பேசும் என்றார். பேசினால் பேசட்டும் என்று கூட்டிப்போனேன். அங்கே அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பேச்சும் பயிற்சியும்தான். நாடி பிடித்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். மாடிப்படி ஏறி வேண்டுமென்றே மூச்சு வாங்கவைத்து, நெஞ்சு வேகமாக அடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை என்று உடம்புக்கே பழக்க வேண்டும். தவிர்த்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போக வேண்டும்: முதலில் வாசல், பிறகு சோலை நகர் கடற்கரை, பிறகு ஆட்டம். ஈ.சி.ஜி. சரியாக இருந்ததால்தான் படி ஏறும் பயிற்சி கொடுத்தார்கள், எல்லோரும் தானாகச் செய்ய வேண்டாம். ஓ.பி.க்குப் போக மனம் வராதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

வலி மருத்துவரிடம் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துப் போனோம். லேபிளில் மொத்தச் சாறு எவ்வளவு என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். டி.எச்.சி. எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. எனக்கு இன்றுவரை கோபம் தணியாத இடம் இது. ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் டி.எச்.சி. என்று தெரிந்தால், 0.1 மில்லியில் 2, அரை மில்லியில் 10 என்று யாரும் கணக்குப் போட்டுவிடலாம். சிரிஞ்சில் அளந்தும் கொடுத்துவிடலாம். சொட்டு என்பது புட்டிக்குப் புட்டி மாறும். பிரான்சில் 2021 மார்ச்சில் சுமார் 3,000 நோயாளிகளுக்கென்று மருத்துவக் கஞ்சா சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது டி.எச்.சி. இவ்வளவு, சி.பி.டி. இவ்வளவு என்று அளவு பிரித்த மருந்துகளைத்தான் கொடுத்தார்கள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத நரம்பு வலி உட்பட ஐந்து நிலைகளுக்கு மட்டுமே அனுமதி கொடுத்தார்கள். மனச்சிதைவு வந்தவர்களுக்கு இல்லை. டி.எச்.சி. எடுப்பவர் வண்டி ஓட்டக் கூடாது. பாரிசில் இருக்கும் அண்ணன் மகள் இதையெல்லாம் போனில் சொன்னபோது, "நம்ம ஊருக்கும் அப்படி ஒண்ணு வரணும்" என்றார் அண்ணன்.

சட்டத்தைப் பற்றியும் பயம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவோ காயோ பிடித்த நுனிகளை. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. உரிமம் பெற்றவர்கள் இலையிலிருந்து செய்து, சீட்டோடு கொடுக்கும் மருந்தை வைத்திருப்பதை டாக்டரிடம் மறைக்கக் காரணமே இல்லை. சித்த மருந்துகளுக்கான நச்சுப் பொருள் அட்டவணையில் கஞ்சா இருப்பதும், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் என்று லேபிளில் எச்சரிக்கை போட வேண்டியிருப்பதும் இதை ஒரு மருந்தாக எடுத்துக்கொண்டதால்தான். புட்டி தீர்ந்துவிட்டது என்று தெருவில் விற்கும் பொட்டலத்தைத் தேடுவது வேறு விஷயம். அது குற்றம், வீரியமும் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மருந்து வலிக்குக் கட்டாயம் கேட்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். வலி ஆய்வுக்கான உலகச் சங்கம் 2021இல் இருந்த ஆதாரங்களையெல்லாம் அலசிவிட்டு, வலிக்கு இதைப் பொதுவாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. அண்ணனுக்கு வலி மருத்துவர் எண்ணெயை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரவில் குறைந்த அளவு நார்ட்ரிப்டிலின், விலாவில் ஒட்ட லிடோகெய்ன் பட்டை. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் சட்டை போட முடிகிறது. லாஸ்பேட்டையில் நான் பார்க்கும் ஒரு புற்றுநோய்க்கார அம்மாவுக்கோ, சிரிஞ்சில் அளந்த மிகச் சிறிய அளவு ராத்திரியில் தூக்கம் தருகிறது, ஒருநாளும் படபடப்பு வந்ததில்லை. அவருக்கு நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. நாள்பட அதிகமாக எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் அந்த நிறுத்தலே சில நாள் எரிச்சலையும் தூக்கமின்மையையும் பதற்றத்தையும் கொடுக்கும். அதனால் குறைப்பதையும் டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

ஆகவே சீட்டு வாங்கும்போதே கேளுங்கள்: ஒரு மில்லியில் டி.எச்.சி. எத்தனை மில்லிகிராம்? எந்த அளவில் தொடங்கி, எந்த அளவில் நிறுத்த வேண்டும்? வீட்டில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், சி.பி.டி. அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். முதல் முறை எடுக்கும் நாளில் வீட்டில் ஒருவர் கூட இருக்கட்டும். டி.எச்.சி. எவ்வளவு என்ற கேள்விக்கு விற்கிறவரிடம் பதில் இல்லையென்றால் அந்தப் புட்டியை வாங்காதீர்கள்.