கல்லா நாற்காலி: விலைக்கு ஏற்ற சரக்குதானா?

துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். வற்றலை ஒடித்துப் பார்க்கிறோம். வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்காமல் சிப்பத்தை இறக்கச் சொல்வதில்லை. ஆனால் காலை ஆறு மணிக்குக் கடை திறந்தது முதல் இரவு பத்து மணிக்குக் கதவு இழுக்கும்வரை நாம் உட்காருகிற நாற்காலியை மட்டும், "இருப்பதில் நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்று சொல்லி வாங்கி வந்துவிடுகிறோம். ஒரு வருடத்தில் அது ஒரு பக்கம் சாய்கிறது. பணமும் போகிறது, இடுப்பும் போகிறது.

முந்தைய தலைமுறை வியாபாரிகளுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மெத்தை விரித்து, திண்டில் சாய்ந்து, முன்னால் சாய்வுப் பெட்டியை வைத்துக்கொண்டு கணக்கு எழுதினார்கள். பிறகு மர நாற்காலி வந்தது, வயர் பின்னிய இரும்பு நாற்காலி வந்தது, பிளாஸ்டிக் வந்தது. கம்ப்யூட்டரில் பில் போட ஆரம்பித்ததும் சுழல் நாற்காலி கல்லாவுக்கு வந்துவிட்டது. இப்போது பல கடைகளில், குறிப்பாக வாரிசுகள் பொறுப்புக்கு வந்த கடைகளில், கருப்பும் சிவப்புமாக ஒரு பெரிய நாற்காலியைக் காண்கிறோம். "கேமிங் சேர்" என்கிறார்கள். விலை ஏழெட்டாயிரத்தில் தொடங்கி இருபத்தைந்தாயிரத்தையும் தாண்டுகிறது. இந்த விலைக்கு அது தகுமா என்பதுதான் கேள்வி.

இந்த நாற்காலியின் பூர்வீகம் பந்தயக் கார். காரின் இருக்கை வடிவத்தை எடுத்து, கீழே சுழல் நாற்காலியின் அடிப்பாகத்தைப் பொருத்தி, கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். டிஎக்ஸ்ரேசர் என்ற கம்பெனி 2006-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் பலரும் அதே அச்சில் செய்தார்கள். இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும் இறக்கைகள், கார் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் சரியாமல் பிடித்துக்கொள்வதற்காக ஏற்பட்டவை. கடையில் திரும்புகிறவர் நாம்தான். வலப்பக்கம் தராசு, இடப்பக்கம் பில் மெஷின், பின்னால் அலமாரி. நாளைக்கு நூறு தடவை எழுந்து உட்கார வேண்டும். அப்போதெல்லாம் அந்த இறக்கை தொடையில் இடிக்கும். கூட்டம் குறைந்த நேரத்தில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்கும் வழியில்லை.

மேல் உறை பெரும்பாலும் பி.யு. லெதர். பார்வைக்குத் தோல் மாதிரி இருக்கும். உண்மையில் துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். வெப்பமும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்தால் இந்தப் படலம் சிதைந்து செதில் செதிலாக உரியும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும். ஏ.சி. இல்லாத மளிகைக் கடையில் முதுகு வியர்த்துச் சட்டை ஒட்டிக்கொள்வது வேறு. காற்றுப் புகும் வலைத்துணி முதுகு கொண்ட சாதாரண ஆபீஸ் நாற்காலி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். வயர் நாற்காலியை நம் பெரியவர்கள் விடாமல் வைத்திருந்ததற்கும் இதே காரணம்தான். வயர் அறுந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

எந்த நாற்காலியானாலும் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். விலை கொடுக்க வேண்டியது அடியில் இருப்பதற்குத்தான். நடுவில் நிற்கும் குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். 'கேஸ் லிஃப்ட்' என்பது இதுதான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நாற்காலி தானாகக் கீழே இறங்கினால் இது கெட்டுவிட்டது என்று பொருள். இதில் நான்கு வகுப்புகள் சொல்வார்கள். வகுப்பு ஏற ஏறக் குழாயின் இரும்பு கனமாகும். கனத்த உடம்புக்காரர் நான்காம் வகுப்பு கேட்டு வாங்குவது நல்லது. பெரும்பாலான நாற்காலிகளில் இதன் மேல்முனை 28 மில்லிமீட்டர், வெளிக்குழாய் 50 மில்லிமீட்டர். எனவே பழுதானால் இதை மட்டும் மாற்றினால் போதும். புது நாற்காலி வாங்க வேண்டியதில்லை.

விற்பவர் "பிஃப்மா சர்டிபிகேட் உண்டு" என்பார். பிஃப்மா என்பது அமெரிக்க அறைகலன் உற்பத்தியாளர் சங்கம். அதன் சோதனைகளில் ஒன்று, 57 கிலோ எடையை இருக்கையின் மேல் ஒரு லட்சம் தடவை போட்டுப் பார்ப்பது. சோதனையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பல நாற்காலிகளில் அந்தச் சான்று குழாய்க்கோ சக்கரத்துக்கோ மட்டுமே இருக்கும். "முழு நாற்காலிக்கா, உதிரிப் பாகத்துக்கா?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். நம் நாட்டிலும் வேலை நாற்காலிகளுக்கென ஐ.எஸ். 17631 என்ற தர விதி 2022-ல் வந்திருக்கிறது.

அடிக்கால் ஐந்து இருக்க வேண்டும். நான்கு கால் சுழல் நாற்காலி எட்டிச் சரக்கு எடுக்கும்போது கவிழும். சக்கரம் நமக்குத் தனிப் பிரச்சினை. அரிசி, வெங்காயச் சருகு, சாக்கு நூல் எல்லாம் சிக்கி ஒரு மாதத்தில் உருளாமல் நின்றுவிடும். மளிகைக் கல்லாவுக்குச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நிலையான குமிழ்க் கால் போடச் சொல்வதே சரி. டைல்ஸ் தரைக்குச் சக்கரம்தான் வேண்டுமென்றால் மெத்தென்ற பி.யு. சக்கரம் கேளுங்கள்.

மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துப் பயனில்லை. புதிது எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். எத்தனை டென்சிட்டி என்று கேட்க வேண்டும். கன மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறைந்த நுரை பகல் முழுவதும் உட்காரும் இடத்துக்குத் தாங்காது. கடையிலேயே பத்து நிமிடம் உட்காருங்கள். பாதம் தரையில் படிய வேண்டும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நம் கல்லா மேஜை உயரமாக இருந்தால் சாதாரண நாற்காலி எட்டாது. கால் வைக்க வளையம் உள்ள உயர நாற்காலி தேவைப்படும். போகும்போது மேஜையின் உயரத்தை டேப்பில் அளந்து குறித்துக்கொண்டு போங்கள்.

கணக்குப் போடுவோம். மூவாயிரம் ரூபாய் நாற்காலி ஒரு வருடம் உழைத்தால், முந்நூறு நாளுக்கு நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய். ஒன்பதாயிரம் ரூபாய் நாற்காலி ஐந்து வருடம் உழைத்தால் ஆறு ரூபாய். ஆனால் அதே ஒன்பதாயிரத்தில் பாதி, இறக்கைக்கும் சாய்த்துப் படுக்கும் வசதிக்கும் வண்ணத் தையலுக்கும் போய்விட்டால் இந்தக் கணக்கு நிற்காது. மொத்த மண்டியில் பின்கட்டு அறையில், ஏ.சி. போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருப்பவருக்கு, அதிலும் உயரமானவருக்குத் தலையைத் தாங்கும் கேமிங் சேர் ஒத்துவரலாம். முன்கல்லாவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முதலாளி நாற்காலியோடு விஷயம் முடியவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை செய்யும் அனைவருக்கும் உட்கார வசதி தர வேண்டும், நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. நாலு பையன்கள் நிற்கும் கடையில் நாலு பேருக்கும் முதுகுச் சாய்மானம் உள்ள உறுதியான ஸ்டூல் போதும். மொத்தமாக எடுத்தால் விலையும் படியும்.

பில்லைக் கடைப் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு கேட்டு வாங்குங்கள். நாற்காலிக்கு வரி 18 சதவீதம். கடை உபயோகத்துக்கு வாங்கியதென்றால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. வீட்டில் பையன் விளையாட வாங்கியதைக் கடைக் கணக்கில் ஏற்றவும் முடியாது. வாரண்டி அட்டையில் குழாய், சக்கரம், மெத்தை ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதம் என்று எழுதி முத்திரை வைத்து வாங்கி, பில்லோடு சேர்த்துக் கல்லாவிலேயே போட்டு வையுங்கள்.