அத்திபெலே: கட்டிய பிறகு கேட்கும் அனுமதி

மாடிக்கு மேல் மாடி, இடைவெளியை விழுங்கும் பால்கனி. விதிவிலக்கு கேட்பவரும் கொடுப்பவரும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைத்தான் யாரும் கேட்பதில்லை.

காவிரிப் பிரச்னை சூடுபிடிக்கும்போதெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகளில் அத்திபெலேயின் பெயர் வந்துவிடும். எல்லையில் மறியல் நடக்கும், தமிழகப் பேருந்துகள் ஓசூரோடு நின்றுபோகும், பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே எல்லையைக் கடப்பார்கள். மற்ற நாட்களில் இந்த ஊரை யாரும் நின்று பார்ப்பதில்லை. சுங்கச்சாவடியில் காசைக் கட்டிவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியை நோக்கி விரைகிறார்கள்.

நின்று பார்த்தால், அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் சந்துகளில் முடிந்துபோன கட்டடம் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். கீழே குடித்தனம் இருக்கும், முதல் மாடியில் துணி காயும். மொட்டை மாடியில் தூண்களிலிருந்து இரும்புக் கம்பிகள் அடுத்த மாடிக்காக வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். கட்டட முகப்பில் கண் திருஷ்டிக்காக ஒரு பூசணிக்காய் தொங்கும். அந்தக் கம்பிகள் ஒரு வகையில் மனு. அதிகாரிக்கு எழுதப்பட்டது அல்ல, எதிர்காலத்துக்கு எழுதப்பட்டது. மகனுக்குக் கல்யாணம் ஆகும்போதோ கையில் பணம் புரளும்போதோ இன்னொரு தளம் எழும்பும்.

அத்திபெலே பெங்களூர் நகர மாவட்டத்தின் ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறது. கிராமப் பஞ்சாயத்தாக இருந்து புரசபையாக உயர்ந்த ஊர். ஒரு பக்கம் கர்நாடக அரசு அமைத்த தொழிற்பேட்டை, மறுபக்கம் சில கிலோமீட்டர் தூரத்தில் ஓசூரின் சிப்காட் தொழிற்சாலைகள். இரண்டுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். கேழ்வரகு விளைந்த நிலங்கள் ‘முப்பதுக்கு நாற்பது’ மனைகளாயின. விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமலே துண்டு போட்டு விற்ற மனைகளும் உண்டு. அவற்றை இங்கே ‘ரெவின்யூ சைட்’ என்கிறார்கள். வங்கிக் கடன் கிடைக்காது, ஆனால் விலை குறைவு. தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்த ஒரு குடும்பம் வாங்கக்கூடியது அதுதான்.

1,200 சதுர அடி மனையில் ஒரு வீடு கட்டிக் குடியிருந்தால் கடன் அடையாது. ஒவ்வொரு தளத்திலும் ஓர் அறை, ஒரு சமையல் மூலை என்று பிரித்து வாடகைக்கு விட்டால் அடையும். விதி குறுக்கே நிற்கும் இடம் இது. மனையைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, எத்தனை தளம் என்ற வரம்பு, எந்தத் தெருவில் கடை வரலாம், எந்தத் தெருவில் வீடு மட்டும்தான் என்ற மண்டலப் பிரிவு. ஆனேக்கல் திட்ட ஆணையத்தின் வரைபடத்தில் இவை வண்ணம் வண்ணமாக இருக்கின்றன. தெருவில் ஒரே வண்ணம்தான், பூசாத செங்கல்லின் வண்ணம்.

விதியைத் தளர்த்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கர்நாடக நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டம் 1961-இன் 14-ஏ பிரிவு, திட்டத்தில் குறித்த நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதிக்கிறது. நிபந்தனைகள் உண்டு. மாற்றம் பொதுநலனுக்காக இருக்க வேண்டும், அரசின் முன் ஒப்புதல் வேண்டும், நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் உயிர் இருக்கிறது. ஒருவர் கூடுதலாகக் கட்டுவது அவருடைய சொந்த விஷயமல்ல, பக்கத்து வீட்டின் வெளிச்சமும் காற்றும் சம்பந்தப்பட்டது என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஆனால் ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்தான் இந்த வழியில் போகிறார். மூன்றாவது மாடி எழுப்புகிறவர் போவதில்லை. அவருக்கு மேஸ்திரி சொல்வதுதான் சட்டம்: “எல்லாரும் கட்டியிருக்காங்க.”

முன்கூட்டியே கேட்பது என்ற பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1915-இல் நியூயார்க்கில் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் அக்கம்பக்கத்துத் தெருக்களை நிழலில் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே அந்த நகரம் மண்டல விதிகளை இயற்றியது. விதி ஒரு மனைக்குப் பொருந்தாமல் வீண் சிரமம் கொடுத்தால் தளர்த்த ஒரு மேல்முறையீட்டு வாரியத்துக்கு அதிகாரம் தரப்பட்டது. அமெரிக்க ஊர்களில் இன்று ஒரு வராந்தாவை நீட்டக்கூட அப்படிப்பட்ட வாரியத்தின் முன் போய் நிற்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அறிவிப்பு போகும். தானே வரவழைத்துக்கொண்ட சிரமத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. இங்கே நடப்பது நேர் எதிர். முதலில் கட்டிவிட்டு, “இவ்வளவு செலவு செய்துவிட்டேனே” என்பதையே சிரமமாகக் காட்டுகிறார்கள்.

அந்த வாதம் செல்லுமா என்பதை உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கு ஒன்றில் 1974-லேயே தீர்த்துவிட்டது. உடுப்பியில் ஒரு குடியிருப்புப் பகுதியில் கல்யாண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமுமாகக் கட்ட அனுமதி பெற்ற கட்டடம். அதைச் சினிமா தியேட்டராக மாற்ற நகரசபை தீர்மானம் போட்டு அனுமதித்தது. ஊரமைப்புத் திட்டப்படி அந்தப் பகுதியில் தியேட்டர் வரக் கூடாது. அங்கே குடியிருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். விதிமீறல் உண்மைதான், ஆனால் உரிமையாளர் ஏற்கெனவே பெரும் பணம் செலவழித்துவிட்டார் என்று சொல்லி உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நகரசபைக்கே இல்லாத அதிகாரம் ஒருவர் பணம் செலவழித்ததால் வந்துவிடாது, குடியிருப்புப் பகுதியில் எழும் சட்டவிரோதக் கட்டடம் அங்கு வசிப்பவர்களின் உரிமையைப் பாதிக்கிறது, அதைத் தட்டிக்கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லித் தீர்மானத்தை ரத்து செய்தது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1991 ஜூலையில், பெங்களூர் சதாசிவநகர்வாசிகளுக்கும் அதே நியாயம் கிடைத்தது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதத்தை நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. ஆனால் பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தமிழகத்துக்காரர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விட்டுக்கொள்ள வேண்டாம். எல்லை வளைவைத் தாண்டினால் சட்டத்தின் பெயர்தான் மாறும். தமிழ்நாடு நகர, ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 113-ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் எந்த விதியிலிருந்தும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்திருந்தது. எண்பதுகளின் கடைசியில் அந்தப் பிரிவின்கீழ் வந்த 62 அரசாணைகளை எதிர்த்துச் சென்னையின் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் நீதிமன்றம் போனது. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பிரிவு செல்லும், ஆனால் காரணமே சொல்லாமல் வாரி வழங்கிய ஆணைகள் செல்லாது என்று 62-ஐயும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அதற்குள் 113-ஏ என்ற புதுப்பிரிவு வந்துவிட்டது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் எழுந்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் ஏற்பாடு. ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். பிறகு அந்தத் தேதியைத் திருத்தம் திருத்தமாக நீட்டினார்கள். அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் செல்லாது என்றது. 2011 அக்டோபர் 31-ஆம் தேதி தி.நகர் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைக் கடைகளுக்குச் சீல் வைத்தபோது சென்னையே ஆடிப்போனது. சில வாரங்களில் பொங்கல் வியாபாரத்துக்காக அவற்றைத் திறக்க அனுமதி கிடைத்தது. 2012-இல் 113-சி வந்தது, தேதி 2007 ஜூலை 1 ஆனது. ஒரே ஒரு தடவை என்பது தமிழில் எத்தனை தடவை என்று கேட்கத் தோன்றுகிறது.

கர்நாடகத்தில் அதற்குப் பெயர் ‘அக்ரம-சக்ரம’. முறையற்றதை முறையாக்குவது என்று அர்த்தம். வீடு என்றால் விதிமீறல் 50 சதவீதம் வரை, மற்ற கட்டடம் என்றால் 25 சதவீதம் வரை கட்டணம் செலுத்திச் சரிசெய்துகொள்ளலாம். 2007-இல் சட்டம் வந்தது. எதிர்ப்பிலும் இழுபறியிலும் ஆண்டுகள் ஓடி, 2014-இல்தான் விதிகள் அறிவிக்கப்பட்டன. 2013 அக்டோபர் 19-க்கு முன் கட்டியவற்றுக்குப் பொருந்தும் என்றார்கள். 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் திட்டத்தை ஏற்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. திட்டம் அங்கேயே நின்றுபோனது. அந்தத் தேதிக்குப் பிறகும் அத்திபெலேயில் கம்பிகள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன.

வரன்முறைக்கு ஆதரவானவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 1,200 சதுர அடியில் விதிப்படி எல்லாப் பக்கமும் விட்டால் மிஞ்சுவதில் ஒரு நடுத்தரக் குடும்பம் குடியிருப்பதே சிரமம். விதியைச் செய்தவர்களுக்குத் தொழிலாளியின் வாடகைக் கணக்கு தெரியாது. பஞ்சாயத்து கொடுத்த சீட்டை அனுமதி என்று நம்பிக் கட்டியவர்களும் ஏராளம். நேர்மையாகக் கேட்டால் கிடைக்காது, கேட்காமல் கட்டினால் யாரும் தடுப்பதில்லை என்ற நிலையில் கேட்பவன்தான் ஏமாளி. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பது அரசுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பேரம். 14-ஏ விளம்பரத்தில் இடம் பெறும் பக்கத்து வீட்டுக்காரர் இதில் இல்லை. உள்ளே குடியிருப்பவரோ, வேலை செய்பவரோ இரண்டிலுமே இல்லை.

உள்ளே வேலை செய்பவர் என்றால் யார் என்பது 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை தெரிந்தது. தீபாவளி நெருங்கிய சமயம். அத்திபெலேயின் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டாசுக் கடைகளுக்குச் சரக்கு வந்து இறங்கும் காலம். ஒரு கடையில் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது தீப்பிடித்தது. கடையிலும் அதோடு சேர்ந்த கிடங்கிலும் சிக்கியவர்களால் வெளியே வர முடியவில்லை. அன்றைக்கும் மறுநாளுமாக 14 பேர் இறந்ததாகக் கணக்கு. தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போன வேறு சிலரும் பின்னர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தமிழக மாவட்டங்களிலிருந்து பண்டிகைக் காலக் கூலிக்காக வந்த இளைஞர்கள். கல்லூரிச் செலவுக்காக வந்தவர்களும் அவர்களில் உண்டு. கர்நாடக அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாயும் தமிழக அரசு 3 லட்சமும் அறிவித்தன. விசாரணை சி.ஐ.டி.யிடம் போனது. வருவாய், காவல், தீயணைப்புத் துறைகளைச் சேர்ந்த அதிகாரிகள் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த வழக்கு வெடிபொருள் உரிமம் சம்பந்தப்பட்டது, மாடி கட்டிய வழக்கல்ல. இரண்டையும் குழப்பக் கூடாது. என்றாலும் ஒரு கட்டடம் எதற்காக, எவ்வளவு, எத்தனை வாசலோடு என்ற கேள்வியை அதன் சுவர் எழும்பும்போதே யாராவது கேட்டாக வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. காகிதத்தில் செட்பேக் என்று எழுதப்படுவது, தீ வைத்துக்கொண்டால் மனிதன் ஓடுவதற்கும் தண்ணீர்க் குழாய் நுழைவதற்குமான இடம்.

ஓராண்டு கழித்து, 2024 அக்டோபர் 22-ஆம் தேதி, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது பெங்களூரின் மறுகோடியில் பாபுசாபாளையாவில் கட்டுமானத்தில் இருந்த பல மாடிக் கட்டடம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அனுமதி இல்லாமல் எழும்பிய மாடிகள் என்று அரசே சொன்னது.

அந்த ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீரட் கடைகள் வழக்கில் நாடு முழுவதற்கும் உத்தரவுகள் போட்டது. முடிவுச் சான்றிதழைக் காட்டினால்தான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு. அதைச் சரிபார்த்த பிறகே வங்கிக் கடன். கண்ணை மூடிக்கொண்ட அதிகாரி மீது துறை நடவடிக்கை. கர்நாடகத்தில் 2025 ஏப்ரலிலிருந்து மின் நிறுவனங்கள் சான்றிதழ் இல்லாத புதுக் கட்டடங்களுக்கு இணைப்புத் தர மறுத்தன. வீடு முடிந்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தவர்கள் இருட்டில் நின்றார்கள். கூக்குரல் எழுந்தது. அதே ஆண்டிலேயே பெங்களூர் மாநகரில் 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் உள்ள சிறு வீடுகளுக்குச் சான்றிதழிலிருந்து விலக்கு வந்தது.

அத்திபெலே போன்ற புரசபை ஊர்களுக்கு 2025 பிப்ரவரியில் வேறொரு சலுகை தொடங்கியது. அனுமதியில்லா மனைகளுக்கும் கட்டடங்களுக்கும் ‘பி காத்தா’ என்ற சொத்துப் பதிவு கொடுக்கும் மூன்று மாத முகாம். இதுவும் ஒரே ஒரு தடவைதான் என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார். பி காத்தா இருந்தால் சொத்து வரி கட்டலாம். கட்டடம் அதனால் சட்டபூர்வமாகிவிடாது.

உச்ச நீதிமன்ற உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது, அதிகம் பேசப்படாத ஒன்று. வேலை நடக்கும் இடத்தில், நடந்து முடியும்வரை, அங்கீகாரம் பெற்ற வரைபடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். எத்தனை மாடிக்கு அனுமதி, எவ்வளவு இடைவெளி என்று பக்கத்து வீட்டுக்காரர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அத்திபெலே சந்துகளில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குவது பூசணிக்காய்தான்.